இரண்டாவது ஊற்றின் இடம்

அனுப்புநர்
சிசுரு இசொசாகி,
இணைப் பேராசிரியர், சூழலியல் துறை,
ஹினோசே மாகாணப் பல்கலைக்கழகம், ஜப்பான்.

பெறுநர்
திரு. முனெகாதா அவர்கள்,
இயக்குநர், ஆய்வு மதிப்பீட்டு அலுவலகம்,
ஹினோசே மாகாணப் பல்கலைக்கழகம்.

பொருள்: ஒப்பந்தப் புதுப்பிப்பு – என் ஆய்வு வெளியீடும் மேற்கோள் எண்ணிக்கையும் – இரண்டாவது ஊற்றின் இடத்தை வெளியிடும்படி வற்புறுத்துவதைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகத்தின் எச்சரிக்கைக் கடிதம், ஜனவரி 2019. 2. அதே அலுவலகத்தின் பாராட்டுக் கடிதம், 2014.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இங்கே பதினான்கு ஆண்டுகளாகச் சாலமாண்டர்களை ஆராய்ந்து வருகிறேன். ஆண்டுக் கூட்டத்தில் தாங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, உங்க பல்லியெல்லாம் சௌக்கியமா?" என்று அன்போடு விசாரிப்பது வழக்கம். அது பல்லி அன்று, ஐயா, தவளைக்கு உறவு. வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இம்முறை எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. ஆறு ஆண்டுகளுக்கு முன், திரு. ஒரிகாசா என்பவரின் மூங்கில் தோப்பிலுள்ள ஊற்றில், வேறெங்கும் காணப்படாத ஒரு சாலமாண்டர் இனம் முட்டையிடுவதைக் கண்டு கட்டுரை எழுதினேன். விதிப்படி வரைபடமும் சேர்த்தேன். அந்த வரைபடத்தைத் தங்கள் அலுவலகம் வண்ணத்தில் பெரிதாக்கிப் பல்கலைக்கழக இணையதளத்தில் போட்டது. ஆய்வின் தாக்கம் கூடும் என்றார்கள். கூடத்தான் செய்தது.

3. அடுத்த பிப்ரவரியில், முட்டையிடும் பருவம் பார்த்து, வெளியூர்க் கார்கள் வந்தன. வலையும் வாளியுமாக இறங்கி ஊற்றைக் கலக்கி அள்ளிக்கொண்டு போனார்கள். சில நாட்களில் அந்தச் சாலமாண்டர்கள் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. ஒவ்வொரு விளம்பரத்திலும், 'அசல் சரக்கு. இசொசாகி, 2013, படம் இரண்டில் காட்டிய அதே ஊற்று' என்று என் பெயர் இருந்தது. சக ஆய்வாளர்கள்கூட என்னை இவ்வளவு ஒழுங்காக மேற்கோள் காட்டியதில்லை.

4. தங்கள் மென்பொருள், ஒரு கட்டுரை இணையத்தில் எங்கெல்லாம் பேசப்படுகிறதோ அதையெல்லாம் மேற்கோளோடு சேர்த்துக் கூட்டுகிறது. ஏல விளம்பரங்களையும் கூட்டிவிட்டது. அந்த ஆண்டு துறையிலேயே எனக்குத்தான் முதலிடம். பாராட்டுக் கடிதம் வந்த அன்று நான் அலுவலகத்தில் இல்லை. மன்னிப்புக் கேட்க இனிப்புப் பெட்டியோடு திரு. ஒரிகாசாவின் வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தேன். அவர் பெட்டியை வாங்கவில்லை. "புரொபசரம்மா, நீங்க எழுதலேன்னா இவனுங்களுக்கு எங்க தோப்புக்கு வழி தெரிஞ்சிருக்குமா? இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார். வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

5. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலமும் அந்த ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு அவரே என்னை நிறுத்தி, "இன்னொரு இடத்துல இருக்கு. எங்கேன்னு எழுத மாட்டேன்னு சொன்னா காட்டறேன்" என்றார். சொன்னேன், காட்டினார். அங்கே சேர்ந்த விவரங்களை வைத்து மூன்று கட்டுரைகளாவது எழுதலாம். அப்படி ஓர் ஊற்று உண்டு என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி குறித்ததைத் தவிர ஒன்றும் எழுதவில்லை. என் வெளியீட்டுப் பட்டியல் காலியாகக் கிடப்பதற்குக் காரணம் சோம்பல் என்று எச்சரிக்கைக் கடிதம் நாகரிகமாகக் குறிப்பால் உணர்த்துகிறது. காரணம் இதுதான்.

6. மார்ச் 31க்குள் அந்த ஊற்றைப் பற்றிய கட்டுரையை, அட்சரேகை தீர்க்கரேகையோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடாவிட்டால் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்கிறது அதே கடிதம். இடத்தை மட்டும் மறைக்க அனுமதி கேட்டேன். விதி விதிதான் என்று பதில் வந்தது.

7. சென்ற வாரம் தங்களை நேரில் சந்தித்து, முதல் ஊற்றில் இந்த ஆண்டு ஒரு முட்டைகூட இல்லை என்று தெரிவித்தேன். தாங்கள், "அடடா, பூராவும் போயிடுச்சா? அப்ப அதையே எழுதுங்களேம்மா. அழிஞ்சு போச்சுன்னா நல்லா ஓடுமே!" என்றீர்கள். உண்மைதான், ஐயா. கட்டாயம் நிறைய மேற்கோள் கிடைக்கும். தாங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் நேரில் பேசுவதை விட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

8. ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்வது:

(அ) இன்று காலை வரை பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும் அந்த வரைபடத்தை எடுத்துவிட வேண்டும். இதை ஐந்தாவது முறையாகக் கேட்கிறேன்.

(ஆ) இரண்டாவது ஊற்றைப் பற்றி இடம் சொல்லாமல் எழுத அனுமதிக்க வேண்டும்.

(இ) இரண்டாவது கோரிக்கைக்கு விதியில் இடமில்லை என்றால், என் வெளியீட்டுக்குப் பூஜ்யம் போட்டு என்னை அனுப்பிவிடலாம். ஐம்பத்து மூன்று வயதில் வேறு எந்தப் பல்கலைக்கழகமும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. அதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். பணி விலகுபவரின் ஆய்வு விவரங்கள் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த இடத்தை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. என் அறையில் தேடி யாரும் சிரமப்பட வேண்டாம்.

மதிப்பீட்டுப் படிவத்தில் என் ஒப்புதல் முத்திரை தேவைப்படும். அதற்காகத் தங்களைக் காக்க வைக்க விரும்பவில்லை. முத்திரை குத்திய படிவத்தை இணைத்திருக்கிறேன். மதிப்பெண் கட்டத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

இடம்: ஹினோசே
நாள்: 26.02.2019

இப்படிக்கு,
சிசுரு இசொசாகி
(ஒப்பம், முத்திரை)