வடித்த தண்ணீரின் வெற்றி

மேஸ்திரிக்கு,

கீரைத் தண்ணீர்ச் சண்டையில் உங்களோடு பேசமாட்டேன் என்று நான் சொன்னதால் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். பருப்பு அடுப்பிலேயே இருக்கிறது.

நம் சின்னவளுக்கு வாய்ப்புண் ஆறிவிட்டது! இன்று காரத்தோடு சாப்பிட்டாள், ஒரு முனகல்கூட இல்லை.

கீரை வெந்த தண்ணீரில்தான் பி வைட்டமின் கரைந்து போகிறது, கொட்டாதீர்கள் என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். நீங்களோ, "சாயத் தண்ணியில என்னடி சத்து?" என்று சிரித்தீர்கள். நீங்கள் கொட்டுவதற்காக வடித்து ஓரமாக வைத்த அந்தத் தண்ணீரில்தான் தினமும் பருப்பு வேகவைத்தேன். "என்னா ருசிடி!" என்று மறுபடி மறுபடி வாங்கித் தின்றது யாராம்?

இனிமேல் கொட்டிப் பாருங்கள். இது செங்கல் சுமக்கிற கை.

சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

கண்ணாடியில் முகம் பாருங்கள். உங்கள் உதட்டோர வெடிப்பும் போய்விட்டது. மீசைக்குக் கீழே நான்தான் பார்த்தேன்.