பின் சீட் இல்லாத கார்

பிப்ரவரி 9

பாலக்காரருக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'அன்புள்ள' என்று போட்டால் நடிப்பாகிவிடும். வெறும் பெயரை எழுதினால் ஆபீஸ் கடிதாசி மாதிரி இருக்கும். மாப்பிள்ளை பாலம் கட்டுகிறவர் என்று நான் சொன்னதை, பால் ஊற்றுகிறவர் என்று கேட்டுவிட்டு என் அம்மா அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாளே, அந்தப் பெயரே இருக்கட்டும்.

போனில் பேசினால் 'ம்', 'சரி', 'அப்புறம்' என்று முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்காரர் ஷெட்டைக் காலி செய்யச் சொல்கிறார். உங்களைச் சொல்லவில்லை, வாடகை வாங்குகிறவரைச் சொல்கிறேன். அவர் மகள் அங்கே தையல் மெஷின் போடப் போகிறாளாம். நானும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துவிட்டேன். அங்கே ஒரு ஸ்கூட்டர் நிறுத்துவதே பெரும்பாடு. ஆகவே உங்கள் காரை விற்றாக வேண்டும்.

கவரை உருவினேன். நீங்கள் விட்டுப்போன மாதிரியே வெள்ளை வெளேரென்று நின்றது. பாட்டரிதான் செத்திருந்தது. தெருமுனை மெக்கானிக் வந்து உயிர் கொடுத்தார். பிறகு ஒரு பழைய கார் வியாபாரியைக் கூப்பிட்டேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் மனிதர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கதவைத் திறந்ததும் அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. லெதர் சீட் இல்லை. பின்னால் வருவதைக் காட்டும் கேமரா இல்லை. பெரிய திரை இல்லை. ஸ்டீயரிங்கில் ஒரு பட்டன்கூட இல்லை. "வெளியில பாத்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கு மேடம், உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார். அவர் சொன்ன விலையை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தூக்கம் கெடும்.

வாங்கும்போது கம்பெனியில் என்னென்ன கேட்டு வாங்கினீர்கள் என்கிற தாள் வேண்டுமாம். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்தும் வேண்டும். படிவம் இதோடு இருக்கிறது.

முழங்கால் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
எக்ஸ்ரேக்காரி


பிப்ரவரி 26

என் எக்ஸ்ரேக்காரிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். நல்லவேளை, காருக்குத்தான்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். தாளையும் வைத்திருக்கிறேன், ஆனால் அதில் பார்க்க ஒன்றுமில்லை. எல்லாக் கட்டத்திலும் 'வேண்டாம்' என்றுதான் இருக்கும். வெள்ளை நிறம்கூட அதற்கு மட்டும்தான் தனிக் காசு கேட்கவில்லை என்பதால்தான் எடுத்தேன். கஞ்சத்தனம் என்று உன் தம்பி அப்போதே சொன்னான். அது கஞ்சத்தனம் இல்லை. பாலத்தில் தேவையில்லாமல் ஒரு கிலோ ஏற்றினால், அதைத் தாங்க இன்னொரு கிலோ இரும்பு வேண்டும். காரும் அப்படித்தான். ஒவ்வொரு சொகுசும் ஒரு சுமை.

அந்த வியாபாரிக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குக் கொள்ளைக் காசு கொடுத்து அந்தத் திரையை வாங்கியிருந்தால் இன்றைக்கு அது குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். கேமரா எந்தக் கடையிலும் மாட்டித் தருவார்கள். திறக்கிற கூரை வைத்த வண்டிகள் எல்லாம் இப்போது மழைக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். பெரிய பிரேக் மட்டும் வாங்கியிருக்கலாம், அதைப் பிறகு சேர்ப்பது கஷ்டம். அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி அது ஓட்டத் தெரிந்தவனுக்கான கார். இந்த மாதிரி வண்டிகளை மட்டுமே விற்கிற ஆள் யாராவது இருப்பார்கள், விசாரி. அவசரப்பட்டுத் தள்ளிவிடாதே.

இங்கே ஆற்றின் மேல் காற்று அதிகம். காற்று கூடினால் கிரேனை நிறுத்திவிடுவார்கள், நாங்கள் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். முழங்கால் ஏணியில் ஏறும்போது மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் தோள்வலி எப்படி? நோயாளிகளை நீயே தூக்கிப் படுக்க வைக்காதே, ஆளைக் கூப்பிடு.

அன்புடன்,
பாலக்காரன்


மார்ச் 21

பாலக்காரருக்கு,

நீங்கள் சொன்ன மாதிரியே ஆளைப் பிடித்தேன். ஆள் இல்லை, ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். ஆனால் வண்டி விஷயத்தில் கெட்டி. காரின் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். அது கம்பெனியை விட்டு வெளியே வந்த அன்று என்னென்ன இருந்தது, இல்லை என்று எல்லாம் வந்துவிட்டது. உங்கள் தாளுக்கு வேலையே இல்லை.

நீங்கள் சொன்னதில் பாதி சரியாம். அந்தக் காலத்துத் திரைக்கு இப்போது யாரும் காசு தரமாட்டார்களாம். ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது. "வாங்க வர்றவங்க கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டுத்தான் தேடுறாங்கம்மா. லெதர் வேணும், கேமரா வேணும்னு அழுத்துவாங்க. இது எதுவுமே இல்லாத வண்டி அவங்க கண்ணுலயே படாது" என்றார். விலை குறைவது ஒரு பக்கம், கேட்க ஆள் வராமல் கிடப்பது இன்னொரு பக்கம்.

ஒரே ஒரு இல்லாமைக்கு மட்டும் விலை கூடுகிறதாம். கியர். இந்த மாடலில் பெரும்பாலும் எல்லோரும் ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்கிவிட்டதால், கையால் மாற்றுகிற வண்டி அபூர்வமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எது இல்லாததால் நான் அந்த வண்டியை ஒருநாளும் ஓட்டாமல் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேனோ, அது இல்லாததற்குத்தான் இப்போது மதிப்பு.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒரு பல் டாக்டர், சீட்டுக்குள்ளிருந்து குளிர்காற்று வராதா என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் போட்டோ எடுத்துக்கொள்ள மட்டுமே வந்தார் என்று நினைக்கிறேன். மூன்றாவதாக ஒரு சின்ன வயசு ஜோடி. அந்தப் பையனுக்கு வண்டியை விட்டு நகர மனமில்லை. அவன் மனைவி தோளில் தூங்குகிற குழந்தையோடு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பின்னாடி சீட்டே இல்லையே?"

வண்டி விற்கிற அந்த அம்மாதான் பதில் சொன்னார். "ரெண்டு குட்டி சீட்டு உண்டு. தனியா காசு கூட கிடையாது, கேட்டா போதும், வெச்சுத் தருவாங்க. வாங்கினவங்க யாரோ வேண்டாம்னு சொல்லியிருக்காங்க." அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார், அந்த இரண்டு சீட் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே விற்றிருக்குமாம். ஆசைப்படுகிற கணவன் வீட்டில் பேசி ஜெயிக்க அது ஒன்று போதுமாம்.

நாம் வண்டி வாங்கப் போன அன்று, ஷோரூமில் தாளை நிரப்பிய பெண் பின் சீட் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு நம்மைப் பார்த்தாள். நீங்கள், "யாரு உக்காரப் போறாங்க?" என்றீர்கள். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அது நான் ஈய அங்கியை மறுபடி மாட்டிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குத் திரும்பிய மாதம். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். அதுவரை என்னை வரவேற்பு மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். பிறகு அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. குழந்தையோடு வந்த பெண் பின் சீட்டைக் கேட்டதும் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

எக்ஸ்ரேக்காரி


ஏப்ரல் 14

என் எக்ஸ்ரேக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நன்றாக யோசித்தேன். ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.

இங்கே ஊருக்கு வெளியே அடிபட்ட வண்டிகளைப் பிரித்து விற்கிற ஒரு பெரிய இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனேன். நம்முடைய அதே மாடல் ஒன்று கிடந்தது. முன்பக்கம் மட்டும் நசுங்கியிருக்கிறது, உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம், கேட்டுவிட்டேன். பின்னால் இரண்டு குட்டி சீட்டும் கீறல் இல்லாமல் இருந்தன. நம் வண்டியில் இருக்கிற அதே சாம்பல் துணி. கழற்றி வாங்கிவிட்டேன். பார்சலில் வரும். எந்த போல்ட் எங்கே, எவ்வளவு முறுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மாட்டிவிட்டால் விலை ஏறும், அந்த ஜோடியைத் திரும்பக் கூப்பிடலாம்.

இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுக்கவே வேண்டாம். ஜூனில் எனக்கு லீவு கிடைக்கும்போல் இருக்கிறது. நானே வந்து மாட்டுகிறேன். அதுவரை விற்காதே.

வேறு ஒன்று எழுத நினைத்தேன். கிரேன்காரர் கூப்பிடுகிறார். பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
பாலக்காரன்


மே 23

பாலக்காரருக்கு,

நீங்கள் எழுதுவதாகச் சொன்ன அந்த இன்னொன்று வருமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்சல்தான் வந்தது.

ஹாலில் வைத்துப் பிரித்தேன். இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. போல்ட்களை உறையில் போட்டு, உங்கள் அழகான எழுத்தில் குறிப்பெழுதி, கொஞ்சமும் ஆடாமல் துணி சுற்றி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு சீட்டின் தையல் இடுக்கில் பிஸ்கட் தூள் இருந்தது. தட்டிவிடத்தான் போனேன். கை வரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். தூக்கிப் பார்த்துவிட்டு அலுங்காமல் கீழே வைத்தார். "சீட்டு நல்லா இருக்கும்மா. ஆனா நம்பரைத் தட்டினா, பின் சீட் இல்லாத வண்டின்னுதான் வரும். அப்புறமா சேத்தது விலைக்கு ஆகாது. சில பேரு எதுக்கு மாத்துனாங்கன்னு சந்தேகம்கூடப் படுவாங்க" என்றார். அவருடைய மெக்கானிக் உள்ளே படுத்துப் பார்த்தார். சீட் வேண்டாம் என்று சொன்ன வண்டிக்கு, பெல்ட் மாட்டுகிற இடத்தையே கம்பெனியில் போடாமல் விட்டிருக்கிறார்களாம். பெல்ட் இல்லாமல் அதில் யாரையும் உட்கார வைக்கக்கூடாது என்றார். சீட்களை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். வேறு யாருக்காவது ஆகும்.

வண்டியை விற்றுவிட்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் என்னிடம் இருந்தது. ஜூன்வரை காத்திருக்கவில்லை, மன்னியுங்கள்.

வாங்கினவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், ஒரு பெண். லீவு நாட்களில் மலைப்பாதைப் பந்தயத்துக்குப் போவாராம். மற்றவர்கள் எல்லாம் வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அவர், "இதுல என்னென்ன இல்ல?" என்று கேட்டார். அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். எல்லாச் சொகுசும் உள்ள வண்டிக்குக் கிடைக்கிற விலை இல்லைதான், ஆனால் முதல் வியாபாரி சொன்னதைவிட எவ்வளவோ மேல். உங்கள் வண்டியை நீங்கள் புரிந்துகொண்ட மாதிரியே புரிந்துகொண்ட ஒருவரிடம்தான் போயிருக்கிறது. அதில் எனக்கு நிம்மதி.

சாவியை நீட்டியபோது, "நீங்க கடைசியா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்களேன்" என்றார். ஓட்டத் தெரியாது என்றேன். ஆச்சரியப்பட்டவர், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இரண்டு தடவை குலுங்கி நின்றுபோனது. மூன்றாவது தடவை தெரு முடிகிறவரைக்கும் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனேன். நன்றாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாள் உங்களிடம் கேட்டிருக்கலாம். நீங்கள் மறுத்திருக்கமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். என் மார்ச் கடிதத்தின் கடைசியில் நான் எழுதியதற்கு நீங்கள் இரண்டு வரி பதில் எழுதியிருந்தால் போதும். சீட் வந்தது. அவ்வளவு கனமான பார்சலைப் பார்த்தபோதுதான், உங்களுக்கு என்மேல் அக்கறை இல்லை என்று நான் இத்தனை காலம் நினைத்தது தப்பு என்று தெரிந்தது. அது தெரிந்த பிறகும் இப்படியே சேர்ந்திருக்க என்னால் முடியவில்லை. அதுதான் எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

வக்கீல் எழுதிய தாள் இதோடு இருக்கிறது. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவசரமில்லை. கோபப்படமாட்டீர்கள் என்று தெரியும். கோபப்பட்டால்கூட நல்லதுதான்.

லீவில் இந்தப் பக்கம் வர வேண்டாம். முழங்காலை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள்.

எக்ஸ்ரேக்காரி


ஜூன் 11

என் எக்ஸ்ரேக்காரிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். லீவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வக்கீல் 'கருத்து வேறுபாடு' என்று எழுதியிருக்கிறார். எந்தக் கருத்தில் வேறுபட்டோம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒரு தடவைகூட நாம் சத்தம் போட்டுச் சண்டை போட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்மைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். அந்த வார்த்தையை அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நீ காரை ஓட்டியது எனக்கு சந்தோஷம். உண்மையாகவே.

ஏப்ரலில் கிரேன்காரர் கூப்பிடவில்லை. அன்றைக்குக் காற்று, வேலையே நடக்கவில்லை. நான் எழுத நினைத்தது இதுதான். பெண்ணாகப் பிறந்தால் என்ன பெயர் வைப்பது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். நீ வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், சாயங்காலம் உன்னைக் கூட்டிப்போக வாசலில் நிற்கும்போதெல்லாம் மனசுக்குள் கூப்பிட்டுப் பார்ப்பேன். உன்னிடம் சொல்ல ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலக்காரன்