பட்டியலின் பதினெட்டாவது சொல்

20 ஜூன் 2005, திங்கள்

பிரேயர் முடிந்ததும் ஹெச்.எம். தங்கம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். போனால், ஒரு முழுத்தாளை நீட்டினார். அவர் கைப்பட எழுதிய ஆங்கிலச் சொற்கள், நாற்பத்து மூன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் என் கம்ப்யூட்டர் லேபில் ஏதோ படம் பார்த்துவிட்டார்களாம். ஒருத்தியின் அப்பா வந்து சத்தம் போட்டிருக்கிறார்.

“இதுல ஒரு வார்த்தையக்கூட நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டர்ல தேட முடியக்கூடாது, லட்சுமி. எவ எதைத் தேடுனான்னு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம என் டேபிளுக்கு வந்துறணும்.”

தாளைத் தரும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபத்தெட்டு வயதில் நானும் கூசிக்கொண்டுதான் வாங்கினேன்.

24 ஜூன்

முடிந்தது. முப்பதே வரியில் ஒரு ஸ்கிரிப்ட். லேபில் இருக்கும் பதினாறு கம்ப்யூட்டரும் ஹெச்.எம். அறையில் இருப்பதும் ஒரே சர்வர் வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போகின்றன. பட்டியலில் உள்ள சொல்லைத் தேடினால் சிவப்புப் பக்கம் வரும்: ‘இந்தச் சொல்லுக்கு அனுமதி இல்லை. உங்கள் தேடல் பதிவு செய்யப்பட்டது.’ எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணி, என்ன சொல் என்று எல்லாம் ஒரு ஃபைலில் விழும். அதில் லேபுக்கு உரியதை மட்டும் பிரிண்ட் எடுத்து ஹெச்.எம்.மிடம் கொடுக்க வேண்டும்.

பெருமையாகத்தான் இருக்கிறது. இல்லை என்று ஏன் எழுத வேண்டும்?

11 ஜூலை

குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ கையில் தட்டியது. கொண்டைக்கடலை அளவு. வலி இல்லை.

12 ஜூலை

இன்றும் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்கள். பெரியம்மாவுக்கு வந்தபோது வீட்டில் ஒருவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. வயிற்றுவலி என்றார்கள். வயிற்றுவலி என்று சொல்லிச் சொல்லியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

13 ஜூலை

நாலரைக்குப் பிள்ளைகள் போனபின் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். சிவப்புப் பக்கம் வந்து நின்றது. நானே எழுதிய வாசகம். ‘உங்கள் தேடல் பதிவு செய்யப்பட்டது.’

பட்டியலில் பதினெட்டாவது சொல் அது. மார்புக்கு ஆங்கிலத்தில் வேறு எதைப் போட்டுத் தேடுவது?

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. பிரிண்டில் வரும். ஐந்தாம் நம்பர், 4.41. அந்த நேரத்தில் லேபில் என்னைத் தவிர யார் இருப்பார்கள்? சர்வரைத் திறந்து அந்த வரியை அழிக்கப் போனேன். பின்னால் —

“என்னம்மா, இன்னுங் கெளம்பலையா?”

கூட்ட வந்த ஒச்சம்மாள். உயிர் போய்த் திரும்பியது. எல்லாவற்றையும் அப்படியே அணைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

14 ஜூலை

ஏழே முக்காலுக்கே பள்ளிக்கூடம் போய்விட்டேன். ஃபைலைத் திறந்து என் வரியைத் தேடினால், அதே சொல் இன்னும் ஆறு இடத்தில் இருந்தது. லேபிலிருந்து இல்லை. ஹெச்.எம். அறையிலிருந்து.

ஜூன் 27: மார்பில் வலியில்லாத கட்டி.
ஜூன் 29: மார்பில் கட்டி, வயது ஐம்பத்திரண்டு.

கடைசியாக ஜூலை 8: மார்பில் கட்டி, தானே கரையுமா.

ஆறு தடவையும் சிவப்புப் பக்கம். அவர் எழுதிக் கொடுத்த சொல். நான் போட்ட பூட்டு. தன் அறையில் நடப்பது பிரிண்டில் வருவதில்லை என்பதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பார்.

என் வரியை அழித்தேன். அவருடைய ஆறு வரிகளையும் அழித்தேன். அழித்தால் இல்லை என்று ஆகிவிடுமா?

18 ஜூலை

பதினெட்டாவது சொல்லை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டேன். பக்கங்கள் திறந்தன. பெரும்பாலான கட்டிகளால் ஆபத்தில்லை, ஆனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று முதல் பத்தி. இரண்டாம் பத்தியில் ஒரு படம். மூடிவிட்டேன்.

இனி ஹெச்.எம். தேடினாலும் திறக்கும். வாயைத் திறக்காமலே உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

22 ஜூலை

அவர் தேடவே இல்லை. இரண்டு வாரமாக அந்த அறையிலிருந்து ஒன்றுமே இல்லை. தேடித் தேடிப் பார்த்து விட்டுவிட்டாரா?

போய்ச் சொன்னால், உங்களை வேவு பார்த்தேன் என்று ஆகிவிடும். வேலை போகும். சொல்லாமல் இருந்தால்?

சோறு இறங்கவில்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அம்மா எங்கள் சௌராஷ்டிர பாஷையில் கேட்டாள். தலைவலி என்றேன். வயிற்றுவலி என்று சொல்ல வாய் வரவில்லை.

25 ஜூலை

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

லஞ்ச் பெல் அடித்ததும் போனேன். “டீச்சர், உங்க கம்ப்யூட்டர்ல தேடுனதும் சர்வர்ல விழுந்திருக்கு” என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

“என்னையவே பாத்துக்கிட்டு இருக்கியா நீ? எம்புட்டு தைரியம் உனக்கு! யார்யார்ட்ட சொன்ன?”

“யார்ட்டயும் சொல்லல டீச்சர். அழிச்சிட்டேன்.”

“வெளிய போ.”

வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே நின்றுகொண்டே, “எனக்கும் இருக்கு டீச்சர்” என்றேன்.

டீச்சர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். என் தோளில் கை வைத்தார்.

“எந்தப் பக்கம்டி?”

“எடது.”

“எனக்கு வலது” என்றார். பிறகு, “ஜெய்சன்ட்டகூடச் சொல்லல. பெங்களூர்ல இருக்கான். ஒத்தப் புள்ள, பயந்துருவான்” என்றார். பயந்துபோயிருந்தது அவர்தான். எனக்குத் தெரிந்தது. நானும் அப்படித்தானே இருந்தேன்.

30 ஜூலை, சனி

காளவாசலில் ஒரு லேடி டாக்டரிடம் இருவரும் போனோம். “டி.இ.ஓ. ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். சர்வீஸ்ல சொன்ன மொதப் பொய்” என்றார் தங்கம் டீச்சர். உள்ளே கட்டியிலிருந்து ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்தார்கள். என்னுடையதை நர்ஸ் சின்னக் கண்ணாடித் தகட்டில் தடவியபோது திரும்பிக்கொண்டேன். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, “ஈஸ்டர்ல இருந்து” என்றார் தங்கம் டீச்சர். ஈஸ்டர் மார்ச்சில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை ரிசல்ட்.

3 ஆகஸ்ட்

இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி சமயநல்லூர் வரைக்கும் போய்விட்டேன்.

6 ஆகஸ்ட், சனி

டாக்டர் இரண்டு கவர்களையும் மேசை மேல் வைத்தார். “அவளுதப் படிங்க மொதல்ல. சின்னப் பொண்ணு” என்றார் தங்கம் டீச்சர்.

எனக்கு ஒன்றுமில்லை. வெறும் கொழுப்பு மாதிரியான கட்டி, விரும்பினால் எடுக்கலாம், பயமில்லை என்றார். என்னை மீறிச் சிரித்துவிட்டேன். சத்தமாக. அடுத்த கவரைப் பிரித்துப் படித்த டாக்டர், நாற்காலியை டீச்சர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் ஏன் சிரித்தேன்? அவருக்கு முன்னால் அப்படிச் சிரித்துவிட்டேனே, பாவி நான், கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் அழுதது நான். என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றது அவர். “பரவால்லடி. ஒருத்திக்காவது நல்ல செய்தி வரட்டும்னுதான் ஜெபம் பண்ணிட்டு வந்தேன்.” பிறகு, ரோட்டைப் பார்த்தபடி, “ஜெய்சனுக்கு நீ போன் போடுறியா? எனக்கு வாய் வராது” என்றார்.

பூத்திலிருந்து போட்டேன். நோயின் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும்.

7 ஆகஸ்ட்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தாள். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

29 ஆகஸ்ட்

இன்று ஆபரேஷன். நாலு மணி நேரம். ஜெய்சன் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். கொஞ்ச நாள் முந்தி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் எடுத்துவிட்டோம் என்றார். இந்த ‘ஆனாலும்’ என்கிற சொல்லை எத்தனை தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன் இன்றைக்கு.

8 அக்டோபர்

மருந்து ஏற்றியதிலிருந்து மூன்று நாளாக வாந்தி. “பேசாம செத்துரலாம்னு இருக்கு லட்சுமி” என்றார். முடி கொட்டிக் கிடந்த தலையணையை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு வந்தேன்.

21 நவம்பர், திங்கள்

தங்கம் டீச்சர் வந்துவிட்டார். இன்னும் இரண்டு தடவை மருந்து ஏற்ற வேண்டும், கேட்கவில்லை, வந்துவிட்டார். பிரேயருக்கு மேடை ஏறும்போது நானும் கூடவே ஏறினேன். தலையைச் சுற்றி முந்தானை. கழுத்தெலும்பு தெரிகிறது. அவரை அப்படிப் பார்த்ததும் ஆயிரம் பிள்ளைகளும் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகள் சத்தம் போட்டால் எப்போதும் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். இன்றும் தூக்கப் போனார். ஆபரேஷன் ஆன பக்கம், இடுப்புக்கு மேல் வரவில்லை.

ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கினார்.

பள்ளிக்கூடம் முழுவதும் கப்பென்று அடங்கியது.