காலண்டரின் பின்பக்கம்

பிப்ரவரி 3

இன்று கிடங்கைக் கூட்டிப் பெருக்கினேன். கூட்டுவதற்கு இப்போதுதானே இடமே இருக்கிறது! தேர்வுத் துறையின் தாள் கிடங்குக்குப் பொறுப்பாளனாகி பதினான்கு வருஷம். பின்சுவர் என்ன நிறம் என்று இன்றுதான் தெரிந்தது. பச்சை.

மொத்த இருப்பு பதினோரு பண்டல் தாள், ஒரு உடைந்த தராசு, ஒரு பூனை. மார்ச் இருபதாம் தேதி பள்ளி இறுதித் தேர்வு தொடங்க வேண்டும். எழுதப்போகிறவர்கள் எண்பதாயிரம் பேர். அதில் ஒருத்தி என் மனைவி.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்: "தாள் வந்துச்சா?"

பூனை குட்டி போடப்போகிறது என்றேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 4

தாள் வரவில்லை. குட்டிகள் வந்துவிட்டன. நாலு.

பிப்ரவரி 11

தாள் கப்பல் துறைமுகத்தில்தான் நிற்கிறது. இறக்குவதற்கு டாலர் வேண்டும். டாலர் இல்லை. இது எங்கள் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். ஏன் இல்லை என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் இருவரும் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுப் பரீட்சைக்காரியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒன்பதாம் பாடம்," என்று ஆரம்பித்தாள். பணக்கார நாடுகளில் வியாபாரம் படுத்தால் அங்கே ஜனங்கள் செலவைச் சுருக்குவார்கள். நம்மிடம் வாங்கிக்கொண்டிருந்த சட்டை, செருப்பு, அச்சு வேலை எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். நமக்கு டாலர் வருவது நிற்கும். ஆனால் நல்ல காலத்தில் டாலரில் வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் நிற்காது. வருகிற கொஞ்சநஞ்சமும் அதற்கே போகும். பிறகு எண்ணெய்க்கும் மருந்துக்கும் தாளுக்கும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

"அங்க ஒரு வீட்டுல சட்டை வாங்கலன்னா இங்க உங்க கிடங்குல பூனை குட்டி போடும். புரியுதா?"

"நல்லாப் புரியுது. இதுக்கு எத்தனை மார்க்?"

"அஞ்சு. உதாரணம் எழுதினா முழுசாக் குடுப்பாங்க."

உதாரணத்துக்கு என்னை எழுதிக்கொள் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள், வாயில் பிரஷ்ஷோடு.

பிப்ரவரி 19

மதியம் சுற்றறிக்கை வந்துவிட்டது. 'தாள் பற்றாக்குறையால் இறுதித் தேர்வை டிசம்பருக்குத் தள்ளிவைப்பது பரிசீலனையில் உள்ளது.'

டிசம்பர்! நர்ஸ் பயிற்சிக்குச் சேர ஜூலை ஒன்றாம் தேதியன்று முப்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. அவளுக்கு ஜூலை ஒன்பதில் முடிகிறது. எட்டு நாள் வித்தியாசத்தில் இந்த வருஷம் தப்பிப்பாள், அடுத்த வருஷம் கதவு மூடிவிடும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள், இரண்டு வருஷத்துக்கு முன் முதல் தடவை எழுதி கணக்கில் மட்டும் கோட்டை விட்டாள். விதிப்படி இப்போது எல்லாப் பாடமும் திரும்ப எழுத வேண்டும். மிச்சம் இருப்பது இந்த ஒரே வாய்ப்பு.

சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உங்க நாட்டுக்கு டாலர் வர்ற வரைக்கும் என் வயசு வாசல்ல நிக்குமா?" என்றாள். நாடு எப்போது என்னுடையது ஆனது? ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20

பிடித்துவிட்டேன்! பாதிதான், ஆனாலும் பிடித்துவிட்டேன்.

கிடங்குக்கு அடுத்த அறையில் மூன்று வருஷத்துப் பழைய விடைத்தாள் கட்டுகள் கூரை வரை கிடக்கின்றன. சும்மா ஒன்றைப் பிரித்தேன். பதினாறு பக்கத்தில் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறான், மீதி வெள்ளைவெளேர். அடுத்தவன் மூன்று. ஒரு மகராசன் பெயரைக்கூட எழுதாமல் எழுந்து போயிருக்கிறான், பதினாறும் மிச்சம். பதில் தெரியாமல் வெற்றுத்தாள் விட்டுப்போன பிள்ளைகளே, நீங்கள் நல்லா இருக்கணும்!

எங்கள் தலைமை அதிகாரி அம்மாவிடம் ஓடினேன். நாங்கள் வைத்த பெயர் நுனிக்கண்ணாடி. கண்ணாடி மூக்கு நுனியைத் தாண்டி ஒரு நாளும் மேலே ஏறியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"விடை எழுதத் தாள் ஆச்சு. கேள்வியை எதுல அச்சடிக்கிறது? உங்க முதுகுலயா?"

இருந்தாலும் கிழிக்க ஆள் கொடுத்திருக்கிறார். ஆறு பேர்.

பிப்ரவரி 24

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இன்று கிழித்த கட்டில் ஒரு எண். அவளுடைய பழைய ஹால் டிக்கெட் இன்னும் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது, தினமும் சட்டை எடுக்கும்போது பார்க்கிற எண். அவளுடைய கணக்குத் தாள்.

ஆறு பக்கம் எழுதியிருக்கிறாள். ஆறும் சரி, எனக்கே தெரிகிற அளவுக்குச் சரி. ஏழாம் பக்கத்தில் ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது. ஓரத்தில், வழிமுறை எழுதும் இடத்தில், பென்சிலில் சின்னதாக: 'பஸ் 2.35. பாப்பா 3.00.' அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒன்பது பக்கம் வெள்ளை.

தேர்வு நாலு மணி வரை. எங்கள் மகள் பாப்பாவின் பள்ளி விடுவது மூன்று மணிக்கு. அன்று காலையில், "இன்னைக்கு நீங்க போய்க் கூட்டிட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன்? லாரி வரும்போல இருக்கு, பார்க்கலாம் என்றேன். லாரி வந்தது. நிறையத் தாள் வந்தது அன்று. நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கேள்வி கஷ்டமா இருந்துச்சு என்றுதான் சொன்னாள் அவள். இரண்டு வருஷமா அதையேதான் சொல்றா. நானும் ஆளாளுக்கு, 'அவளுக்குக் கணக்கு வராது'ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன் — என்ன மனுஷன்டா நீ? அஞ்சு வயசுக் குழந்தை ரோட்டுல நிக்குமேன்னு அவ எந்திரிச்சுப் போயிருக்கா. உனக்கு லாரி.

வெள்ளைத் தாள்களை மட்டும் கிழித்துக் கட்டில் சேர்த்தேன். அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டு கிழித்ததில் ஒன்று கோணலாகிவிட்டது.

பிப்ரவரி 25

சொல்லிவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா மட்டும்? லாரிதான் முக்கியம்னு ஆரம்பிப்பீங்க. எனக்கு அன்னைக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை." அப்புறம் கத்தியை வைத்துவிட்டு, "ஆறு பக்கமும் சரியாவா இருந்துச்சு?" என்றாள்.

"ஆறும் சரி."

அதற்குத்தான் கண் கலங்கினாள், என் மன்னிப்புக்கு இல்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மார்ச் 2

மச்சினன் வந்தான், அதாவது அவளுடைய தம்பி. ஏற்றுமதி அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். மூன்று மாதமாக அரை நாள் வேலை, அரைச் சம்பளம், எங்கள் வீட்டில் முழுச் சாப்பாடு. வழக்கம்போல அக்காள் திட்டத் திட்டச் சாப்பிட்டுக்கொண்டே, பாப்பாவுக்கு வரைய ஒரு பெரிய தாளைக் கொடுத்தான். திருப்பினேன். ஸ்வெட்டர் போட்ட நாய்.

"என்னடா இது?"

"காலண்டர் மாமா. ஜனவரி. வெளிநாட்டு ஆர்டர். இருபத்தஞ்சாயிரம் அடிச்சு முடிச்சு, கம்பி கோக்கப்போற நேரத்துல ரத்துன்னு சொல்லிட்டான். அங்க எல்லாரும் செலவைக் குறைக்கிறாங்களாம். முதல்ல குறைச்சது தேதி."

"இங்க விக்கிறதுதானே? தேதி எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே?"

"சிவப்புல இருக்கிறதெல்லாம் அவங்க ஊர் லீவு மாமா. வாங்கினவன் அன்னைக்கெல்லாம் வேலைக்குப் போகாம இருந்துட்டா யாரு பொறுப்பு?"

பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வெள்ளை, வழவழப்பு இல்லாதது, மை நன்றாகப் பிடிக்கும். மேலே நாய், கீழே தேதிக்கட்டம். குறுக்கே வெட்டினால் ஒரு தாள் இரண்டு ஆகும். ஒரு காலண்டருக்கு இருபத்துநாலு. எண்பதாயிரம் பேர், ஆறு பாடம்…

அவள் என்னை முந்திவிட்டாள். "இருபதாயிரம் காலண்டர் போதும்," என்றாள், சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி. இவளுக்கா கணக்கு வராது?

மார்ச் 3

நுனிக்கண்ணாடி நாயை வெகுநேரம் பார்த்தார். நாயும் அவரைப் பார்த்தது.

"பன்னிரண்டு மாசமும் நாயா?"

"ஆமாம்மா. வேற வேற ஸ்வெட்டர்."

கண்ணாடியைக் கழற்றினார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மார்ச் 9

உத்தரவு வந்துவிட்டது. தேர்வு ஏப்ரல் ஆறில் தொடக்கம். ஒவ்வொரு கேள்வித்தாளும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். கேள்வி தயாரிக்கிற பேராசிரியர்கள் ஆளுக்கொரு மூலையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். நாலு பக்கம் எழுதிப் பழகின கை.

அச்சடிப்பது மச்சினனின் அச்சகத்தில். அங்கே எல்லாருக்கும் ஒரு மாதம் முழு வேலை. மச்சினனைத் தவிர! அக்காள் பரீட்சை எழுதுகிறாளே, உள்ளே விடமாட்டார்கள். என் கிடங்குச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள், அதே காரணம். யோசனை சொன்ன இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறோம். அவள் எங்கள் இருவரையும் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 6

மொழித்தாள். சுமார் என்றாள். அவள் அகராதியில் அது பிரமாதம்.

ஏப்ரல் 14

நாளை கணக்கு.

"நாளைக்குப் பாப்பாவை…" என்று ஆரம்பித்தாள்.

"நான்தான் கூட்டிட்டு வருவேன்," என்றேன். மூன்று தடவை சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை. பழைய பாவம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

ஏப்ரல் 15

பள்ளி வாசலுக்கு இரண்டேகாலுக்கே போய்விட்டேன். காவலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. தேர்வு மையத்திலிருந்து இரண்டு முப்பத்தைந்துக்குக் கிளம்பும் பஸ் என் முன்னால் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது. சந்தோஷத்தில் காவலாளிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நாலரைக்கு வந்தாள். பதினாறு பக்கமும் எழுதி, கூடுதல் தாளும் வாங்கினாளாம். அது கொஞ்சம் கோணலாகக் கிழிந்திருந்தது என்றாள். தேர்வுத் துறைக்காரர்களுக்கு ஒழுங்காக ஒரு தாள் கிழிக்கத் தெரியாதா என்றும் கேட்டாள். நான் அவளுக்கு டீ போடப் போய்விட்டேன்.

ஏப்ரல் 16

மானம் கப்பலேறிவிட்டது. தாள் கப்பல் நிற்கிறது, இது மட்டும் ஏறிவிட்டது.

கணக்குத் தாளில் ஏழாவது கேள்வி: 'ஒரு மாதத்தின் முதல் நாள் வியாழக்கிழமை எனில், இருபத்துமூன்றாம் நாள் என்ன கிழமை?' பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? தேதிக்கட்டம்! நாடு முழுக்க எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் சரக்கென்று தாள் திரும்பும் சத்தம் கேட்டதாம். கண்காணிப்பாளர்கள் பூகம்பம் என்று பயந்திருக்கிறார்கள். அச்சடித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கக்கூடிய இரண்டு பேர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம்.

நுனிக்கண்ணாடி முடிவு செய்துவிட்டார்: அந்த இரண்டு மார்க் எல்லாருக்கும்.

வீட்டில் வந்து சொன்னால் பரீட்சைக்காரிக்கு வந்ததே கோபம்! "பாதிப் பேருக்குத் தேதி வந்துச்சு. எனக்கு வந்தது நாய். நாய்கிட்டயா கேக்குறது? ஏழேழாக் கூட்டி நானே கண்டுபிடிச்சேன், வெள்ளிக்கிழமை! எனக்கு எதுக்கு உங்க தர்ம மார்க்?"

அந்த நாயை மட்டும் விடவில்லை. கேள்வித்தாளைக் கொண்டுவந்து பீரோ கதவில் ஒட்டியிருக்கிறாள், பழைய ஹால் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு. பாப்பா அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள்: கணக்கு.

ஜூன் 12

கணக்கில் எழுபத்தொன்று! தர்ம மார்க்கைக் கழித்தாலும் அறுபத்தொன்பது என்று தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். எல்லாப் பாடமும் பாஸ். பொருளாதாரத்தில்தான் அதிகம், எண்பத்தெட்டு. என்னைத்தான் உதாரணமாக எழுதினாயா என்று கேட்டேன். பூனையை எழுதினேன் என்றாள்.

மச்சினனுக்கு மறுபடி அரை நாள் வேலை. இன்றைக்கு அவனை யாரும் திட்டவில்லை, அதனால் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 27

பயிற்சிப் பள்ளியில் வயதைப் பார்த்த குமாஸ்தா விரல் விட்டு எண்ணினாராம். எட்டு நாள். முத்திரை குத்திவிட்டார்.

ஜூலை 21

தாள் கப்பல் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கிடங்கில் இப்போது மூன்று பண்டல், ஐந்து பூனை. அடுத்த தேர்வுக்கு எதில் அச்சடிப்பது என்று நுனிக்கண்ணாடி என்னைத்தான் கேட்கிறார். மதியம் தினமும் ஒரு மணி நேரம் வெளியே போகப் போன வாரமே அனுமதி கேட்டேன். "பூட்டிட்டுப் போங்க, எடுத்துட்டுப் போக என்ன இருக்கு," என்றார்.

இன்றும் மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் நின்றேன். காவலாளி ஸ்டூலில் நகர்ந்து இடம் கொடுத்தார். வகுப்பு ஆசிரியை பாப்பாவைக் கையில் பிடித்து வந்து, "ஒரு வாரமா அப்பாதான் வர்றீங்க. அம்மா எங்கே?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா சொன்னாள்:

"அம்மாவுக்கு இன்னும் ஸ்கூல் விடல மிஸ்."