பால்குடத்துக்குப் பிறகு அம்மாவின் தலைவலி

புக்கிட் பாஞ்சாங்

அன்புள்ள பிரேமுக்கு அப்பா எழுதுவது. கனடாக் குளிரில் நீ, அனிதா, குட்டி ரோஷினி மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் சுகம், அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்பாய், அடுத்த அறையில் நான் பேசுவதுகூட அவள் தலையில் இடிக்கிறதாம்.

தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுத்தது இந்த ஒற்றைத் தலைவலி போகவேண்டும் என்றுதான். அன்றைக்கென்று பார்த்து சிராங்கூன் சாலையில் கிளம்பும்போதே வலி வந்துவிட்டது, விரதம் வேறு, வெறும் வயிற்றில் தலைவலி மாத்திரையைப் போட்டாள், பாதி வழியில் இன்னொன்று. குடத்தை இறக்கு என்றேன், பாதியில இறக்குனா சாமி குத்தம், பேசாம வாங்க என்றாள். டேங்க் ரோடு கோயிலில் பாலைக் கொடுத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உன்னிடம் அப்போது வெறும் மயக்கம் என்றுதான் சொன்னோம், உண்மையில் இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. டாக்டர் ஷாஹித் படம் போட்டு விளக்கினார், தலையில் ரத்தக் குழாய் விரிவதால்தான் வலி என்று முன்பு நினைத்தார்களாம், இப்போது நரம்புதான் முதலில் கிளப்பிவிடுகிறது என்கிறார்களாம். எதுவானால் என்ன, அந்த மாத்திரை குழாயைச் சுருக்கும், தலையோடு நின்றுகொள் என்று அதனிடம் சொல்ல முடியுமா. இனிமே ஆன்ட்டி இதைத் தொடவே கூடாது அங்கிள் என்று சொல்லிவிட்டார். அவள் வலிக்குக் கேட்ட ஒரே மருந்து அது. தலைவலி போக வேண்டிக்கொண்டாள், மருந்துதான் போனது, எனக்கு முருகன் மேலேயே கோபம். மாதாமாதம் புது ஊசியும் போட்டுப் பார்த்தோம், பலனில்லை. வலி வந்தால் நெற்றியில் ஈரத் துண்டை இறுகக் கட்டி, திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள், வலி வராத நாள் குறைவு.

தீபாவளிக்கு வருகிறோம் என்று நீ சொன்னதைக் கேட்டு அழுதாள். ரோஷினி ஓடுவா, பாடுவா, வாய மூடுன்னு நான் அதட்டிட்டேன்னா பாட்டின்னாலே பயந்துடும், வர வேணாம்னு எழுதிடுங்க என்கிறாள். பிள்ளைங்க மறந்துடும் லா என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. உண்மையில் எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

உனக்கும் கண்ணில் பூச்சி பறந்து தலை வலிக்கிறது என்றாயே, நீயாக எந்த மாத்திரையும் வாங்காதே, டாக்டரிடம் அம்மாவுக்கு வந்த நெஞ்சடைப்பைப் பற்றியும் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் இருக்க எங்கள் ஆசி. தீபாவளி டிக்கெட்டை ரத்து செய்ய மறக்காதே. நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று அம்மா எழுந்து வந்தாள், தாளின் வெள்ளை கண்ணைக் குத்துகிறது என்று திரும்பிப் போய்விட்டாள், அவளுக்கும் நானே போடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா கதிரேசன்
அம்மா வசந்தகுமாரி