அக்காவுக்குப் போட்ட கோடி

ஞாயிறு, மைசூர்

மகள் நந்தினியின் நிச்சயத்துக்குச் சேலை எடுக்க பெங்களூர் சிக்பேட்டைக்குப் போனோம். நடைபாதைக் குவியலிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை உருவினாள்.

"அம்மா, இது சக்கத்தா, சூப்பரா இருக்குல்ல?"

முந்தானையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. போன மாதம் பெங்களூரில் அக்கா இறந்தபோது, பிறந்த வீட்டுக் கோடியாக அவள் உடல்மேல் நான் போர்த்திய சேலை அது. விலைச்சீட்டைப் பிய்த்தபோது கிழிந்த இடத்தில் நான் பச்சை நூலால் போட்ட தையல் அப்படியே இருந்தது. அவளோடு எரிந்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்!

"வேண்டாம்டி, சாயம் போகும்" என்று பிடுங்கிப் போட்டேன்.

பக்கத்தில் நின்ற அம்மாள் உடனே அதை எடுத்துக்கொண்டாள். மகளுக்குச் சீமந்தம் என்று கடைக்காரரிடம் கன்னடத்தில் சந்தோஷமாகச் சொன்னாள்.

எனக்கும் கன்னடம் நன்றாகவே வரும். வாயைத் திறக்கவில்லை.