சம்பந்தி ஆர்டரும் உன் பைப்லைனும்

ஏலே செந்திலு, என் ராசா,

நீ போய் வருசம் ஒண்ணாகப் போகுது. உன்மேல இருக்கிற கோபம் மட்டும் இன்னும் குறையல. நம்ம கம்ப்யூட்டர் கடையையும் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியையும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டியே!

அவருக்கு நீ எழுதிக் கொடுத்த ஆர்டர் வெப்சைட்டைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். அவர் ஆபீஸைப் பார்த்துத்தானே, ஆர்டர் கட்டம் கட்டமாத் தாண்டிப் போற அந்தப் பைப்லைனைப் போட்டே? குச்சி அடுக்க ஒரு அறை, மருந்து முக்க ஒரு அறை, காய வைக்க ஒண்ணு, பெட்டி அடைக்க ஒண்ணு. அதே மாதிரி நீ எழுதினதிலும் முகவரி பார்க்க ஒரு கட்டம், சரக்கு இருக்கான்னு பார்க்க ஒரு கட்டம், அப்புறம் வரி போட ஒண்ணு, லாரி சொல்ல ஒண்ணு. ஒவ்வொண்ணும் தன் வேலையை முடிச்சு ஆர்டரை அடுத்ததுகிட்ட கொடுக்கும். "அடுத்த கட்டத்து வேலையில எதுவும் மூக்கை நுழைக்கப்பிடாதுக்கா"ன்னு சொல்லுவே.

நுழைச்சிட்டாங்கலே. முதலாளிக்கு ஒரு சம்பந்தி, மகளைக் கொடுத்த வீடு. "அவிய ஆர்டரையுமா சோதிக்கும்? சரக்கு இல்லன்னு பதில் போனா என் மானம் என்னத்துக்கு ஆகும்?" என்று குதித்தார். முடியாது என்றேன். உடனே கம்ப்யூட்டர் படித்த தன் தங்கச்சி மகனைக் கூட்டி வந்தார். அவன் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 'சம்பந்தின்னா சோதிக்காம விடு' என்று ஒரு வரியைச் செருகிட்டான்.

ஐப்பசி மழையில் குச்சி காயல. சரக்கே இல்லை, சம்பந்திக்காக லாரி மட்டும் டாண்ணு வந்து நின்னுது. வெறும் லாரியாத் திரும்பினதும் சம்பந்தியே ஆபீஸ் வாசலுக்கு வந்து நாலு பேர் பார்க்கக் கேட்டுட்டுப் போனார். முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் உங்க தம்பி எழுதினதுல உள்ள கோளாறு. தூக்கிப் போட்டுட்டு வேற ஆளை வச்சு எழுதப் போறேன்." செத்தவன் மேல பழியைப் போடுறது எவ்வளவு லேசாப் போச்சு பார்த்தியா?

என்னால பொறுக்க முடியல. "அண்ணாச்சி, சம்பந்திக்குப் போற குச்சின்னா மருந்து முக்காமலே பெட்டியில அடைப்பியளா?" என்று கேட்டேன்.

"அதெப்படி? உரசினாலும் பத்தாதே" என்றார். சொன்ன கையோட, நீங்களே சரி பண்ணுங்கன்னு வேலையை என்கிட்டயே விட்டுட்டார்.

அந்தப் பையன் செருகினதையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். உன் கட்டம் எதையும் தொடல. புதுசா ஒண்ணே ஒண்ணு சேர்த்தேன். சம்பந்திக்கு இல்லைன்னு பதில் போகவேண்டி வந்தா, அது முதலாளி செல்லுக்குப் போகும். அவரே பக்குவமாப் பேசிக்கட்டும். அரை நாள் வேலை. இதுக்கா இத்தனை மாசச் சண்டை?

முடிச்சிட்டு, எல்லாம் சரியா ஓடுதான்னு பார்க்க நீ வச்சிருந்த சோதனை ஆர்டரை ஓட்டினேன். வாங்குறவர் பேர் போட்ட இடத்தில் என் பேர் இருந்துது. எல்லாக் கட்டமும் தாண்டினதும், இங்கிலீஷ் எழுத்தில் நீ தமிழாக அடிச்சு வச்ச வரி திரையில் வந்துது: "வந்து சேந்துட்டேன்க்கா."

எந்த ஊருக்குப் போனாலும் போன் போட்டு நீ சொல்ற அதே வார்த்தை. விளாத்திகுளம் ரோட்டில் பைக்கோட விழுந்தியே, அன்னைக்கு மட்டும் அந்தப் போன் வரல. ஏம்ல இப்படிப் பண்ணினே?

யார் வந்து எதைச் சொன்னாலும் அந்த வரியில் கைவைக்க விடமாட்டேன். தினமும் கடையைத் திறந்ததும் அந்த ஆர்டரை ஒரு தடவை ஓட்டிட்டுத்தான் மத்த வேலை.

போனைப் பக்கத்திலேயே வச்சிருக்கும் உன் அக்கா,
பேச்சியம்மாள்